மூன்று முறை செத்த ஏகாம்பரமும் எங்கள் லீலா அக்காவும்

போனை எடுத்ததும் இருமல் கேட்டது. தாளத்தோடு வருகிற இருமல். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. குன்னூர்ப் பக்கம் ஜெகதளாவில் கேரட் விவசாயம் பார்க்கும் போஜண்ணன் யாருக்குப் போன் செய்தாலும் முதலில் இப்படித்தான் இருமுவார். அவர் கதாநாயகனாக நடித்த ஒரே படத்தில் வருகிற இருமல் அது. "காலங்காத்தால விளையாடாதீங்கண்ணா, அடுப்புல பால் இருக்குது" என்றேன். இருமல் நிற்கவில்லை. தாளம் மட்டும் தப்பிப் போயிருந்தது. அதைக் கேட்ட பிறகுதான் அவர் அழுகிறார் என்று புரிந்தது. "லீலாக்கா போயிட்டாங்கம்மா, சாந்தி" என்றார். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அணைக்கக் கை வரவில்லை.

லீலா அக்காவை உங்களில் பலருக்குத் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவராகத் தெரியும். சிலருக்கு நம் மன்ற நாடகங்களில் வில்லியாக வந்தவராகத் தெரியும். எனக்குப் பக்கத்து ஊட்டு அக்கா. அவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சிறு பிள்ளையாகத் திரும்பி வந்தவர். நான் அன்னூர்ப் பக்கமிருந்து கல்யாணமாகி மலையேறியவள். எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. மிச்சம் படித்ததெல்லாம் கோயில் பாராயணப் புத்தகங்களில். சாமியைப் புகழ்வது, வீட்டு வரவுசெலவு எழுதுவது, இந்த இரண்டு எழுத்தும்தான் எனக்கு வரும். அதனால் மன்ற மலருக்கு அஞ்சலி எழுதித் தரும்படி கேட்டபோது தயங்கினேன். ஏனென்றால் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது: "நீ எப்படியும் எழுதுவ புள்ள. எழுது. ஆனா என்னைய ஏகாம்பரமா ஆக்கிராத."

ஏகாம்பரம் யார் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். அப்படி ஒருவர் இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லி ஓய்ந்துபோனேன் என்று முருகனுக்குத்தான் தெரியும்.

பெரிய பாடகர்கள், இசையமைப்பாளர்கள் வாழ்க்கையைச் சொல்லுகிற படங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த சமயம். அக்கா எல்லாவற்றையும் பார்ப்பார். பார்த்துவிட்டு வந்து என் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து நடித்துக் காட்டுவார். "குக்கர் விசில் அடிக்கும். உடனே அவருக்கு டியூன் வந்துரும். அப்ப அவரு பொண்டாட்டி சோறு பொங்காம இருந்திருந்தா நாட்டுக்குப் பாட்டே கெடச்சிருக்காதா?" ஒருநாள், நாமே ஒரு படம் எடுக்கலாம் என்றார். இல்லாத ஒரு பாடகருடைய வாழ்க்கை வரலாறு. பார்க்கிறவர்கள் வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டும். அப்படிப் பிறந்ததுதான் 'இசைப்பேரரசு ஏகாம்பரம்'. எழுதி இயக்கியது அக்கா, ஏகாம்பரமாக நடித்தது போஜண்ணன்.

கதையைச் சொல்கிறேன், சிரிப்பு வருமா வராதா என்று நீங்களே சொல்லுங்கள். ஏகாம்பரம் பிறக்கும்போதே ராகத்தில் அழுகிறார்; நர்ஸ் கையெடுத்துக் கும்பிடுகிறாள். அம்மா தாலியை விற்று ஆர்மோனியம் வாங்குகிறாள். ஆர்மோனியத்தை விற்றுத் தாலியை மீட்கிறாள். மறுபடியும் தாலியை விற்று ஆர்மோனியம் வாங்குகிறாள். கடைக்காரர், "ஏனுங்கம்மா, ரெண்டையும் இங்கயே வெச்சுட்டுப் போங்களேன், நடை மிச்சம்" என்கிறார். டீத்தூள் பேக்டரி இரைச்சலில் ஒரு டியூன், கொண்டை ஊசி வளைவில் பஸ் ஹாரனில் ஒரு டியூன். ஒரே ஒரு வாய் சாராயம் குடிக்கிறார், டம்ளரைக் கீழே வைப்பதற்குள் முழ நீளத்துக்குத் தாடி. கடைசியில் மேடையில் பாடிக்கொண்டே சாகிறார். சரணம் பாக்கியிருப்பது நினைவு வந்து எழுந்து பாடிவிட்டுச் சாகிறார். நன்றி சொல்ல மறந்துவிட்டதால் திரும்ப எழுந்து, எல்லோர் பேரும் சொல்லி, மூன்றாம் முறை சாகிறார்.

அந்த அம்மா வேஷம் என்னுடையது. தாலியைக் கழற்ற மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். படமோ பாசாங்கோ, அது நடக்காது. அக்கா சண்டை போடவில்லை. "உன் தாலி உன் கழுத்துல கெடக்கட்டும் புள்ள" என்று சொல்லி, மஞ்சள் கயிறு ஒன்றைத் தனியாகக் கட்டிவிட்டார். அதைத்தான் கழற்றிக் கழற்றி விற்றேன். விற்ற பிறகும் என் தாலி கழுத்தில் ஆடிக்கொண்டிருப்பது படத்தில் நன்றாகத் தெரியும். "இதுக்கே சிரிச்சு உருளுவாங்க பாரு" என்றார். கயிறாக இருந்தாலும் கழற்றுகிறபோது எனக்கு நிஜமாகவே கண்ணீர் வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். "இப்படியே அழு புள்ள. நீ நெசமா அழுதாத்தான் அவங்களுக்குச் சிரிப்பு வரும்."

ரத்தம் துப்புகிற காட்சிக்குப் போஜண்ணன் தோட்டத்து பீட்ரூட். செலவுக் கணக்கு நான்தான் எழுதினேன். 'ரத்தம்' என்று போட்டு எதிரே 'பீட்ரூட், சொந்தத் தோட்டம்' என்று எழுதியதை அக்கா எல்லோருக்கும் காட்டிக் காட்டிச் சிரித்தார். போஜண்ணன் என் மடியில் தலை வைத்து இருமினார். என் வெள்ளைப் புடவையெல்லாம் ரோஸ் கலர். "எந்த ஊர்ல மனுசனுக்கு ரோஸ் கலர்ல ரத்தம் வரும்? இதுக்கும் அழுதாங்கன்னா நான் பேர மாத்திக்கிறேன்" என்றார் அக்கா.

படத்தை முதலில் காட்டியது நம் மன்றக் கட்டடத்தில். இங்கே எது நடந்தாலும் குத்துவிளக்கு ஏற்றித்தான் தொடங்குவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஏற்பாடு செய்தவர்கள் நல்ல மனதோடு படச் சாமான்களில் தேடியபோது, கடைசிக் காட்சிக்காக நாங்கள் செய்து வைத்திருந்த ஏகாம்பரத்தின் பெரிய போட்டோ கிடைத்திருக்கிறது. போஜண்ணன் தாடியோடு, மாலையும் பொட்டும் வைத்துச் சட்டம் போட்டது. அதைக் கொண்டுவந்து விளக்குக்குப் பக்கத்தில் மேசை போட்டு வைத்து, ஊதுபத்தி கொளுத்தி, "அமரர் ஏகாம்பரம் அவர்களுக்காக எல்லோரும் ஒரு நிமிஷம் எழுந்து நிற்போம்" என்று மைக்கில் சொல்லிவிட்டார்கள். நாங்கள் பின்வரிசையில் இருந்தோம். எல்லோரும் எழுந்தார்கள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்கள். அக்கா என் காதில், "ஐயோ, படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே செத்துட்டான் புள்ள" என்றார்.

மாலை போட்ட போட்டோவுக்கு முன்னால் நம் ஊரில் யார் சிரிப்பார்கள்? குக்கர் விசிலுக்கு உச்சுக் கொட்டினார்கள். தாலி விற்ற இடத்தில் மூக்குச் சிந்தும் சத்தம். ரோஸ் ரத்தத்துக்கு ஓர் அம்மா "முருகா" என்று கத்திவிட்டார். ஏகாம்பரம் மூன்று முறை செத்தார். மூன்று முறையும் மன்றமே அழுதது. படம் முடிந்ததும் போஜண்ணனைச் சுற்றிக் கூட்டம். "அவரு உங்க சொந்தமுங்களா? அச்சு அசலா அதே சாயலுங்க." ஓர் அம்மா அக்காவிடம் வந்து, "சமாதி எங்கீங்க இருக்குது? எம் பையனுக்குத் தொண்டை கட்டிப் பாட்டே வர்றதில்லீங்க, கூட்டிட்டுப் போய் வேண்டிக்கணும்" என்றார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னும் கட்டலீங்கம்மா" என்றார். அந்த ராத்திரி என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர் சாப்பிடவில்லை. "ஒரு மனுசன் எத்தன தடவ சாவான்னு ஒருத்தராவது யோசிக்க வேணாமா, சாந்தி?" என்று கேட்டார்.

அவர் ஏன் அவ்வளவு துடித்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. அதற்கப்புறம் ஒருநாள்தான் தன் அப்பா சாவைச் சொன்னார். அப்பா தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். திருவிழாவில் தப்புப் பறை அடிப்பார். சுமாராக அடிப்பார். அடி தப்பினால் கூட இருக்கிறவனைத் திட்டுவார், பிறகு தானே சிரிப்பார். பிள்ளைகளுக்கு வாங்கிய கடலையை வழியிலேயே தின்று தீர்த்துவிட்டுப் பொட்டலத்தை மட்டும் நீட்டுவார். அவர் செத்த அன்று, தோட்ட ஆட்களின் வரிசை வீடான லயத்து வாசலில் மைக் கட்டி ஒருவர் பேசினாராம்: 'அவர் தப்பைத் தொட்டால் மழை வரும்.' அக்கா சின்னப் பிள்ளை. தங்கள் லயத்துக் கூரை ஒழுகுவது இதனால்தானா என்று நினைத்துச் சத்தமாகச் சிரித்துவிட்டார். அம்மா கன்னத்தில் அறைந்தார். "அதுக்கப்புறம் வூட்ல எல்லாரும் அந்த மழைக்காரனப் பத்தித்தான் பேசுனாங்க. அம்மாவும்தான். பொட்டலத்த நீட்டுன மனுசன் எனக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தாரு. போகப் போக எனக்கே சந்தேகம் வந்துருச்சு புள்ள." பிறகு, "செத்தவன் திரும்பி வந்து 'நான் அப்படியில்ல'ன்னு சொல்ல மாட்டாங்கற தைரியம் எல்லாருக்கும்" என்றார்.

படத்தை இணையத்தில் போட்டோம். விமர்சனங்கள் வந்தன. கோவையிலிருந்து வீடியோவில் விமர்சனம் செய்யும் ஒரு தம்பி, தேய்ந்துபோன காட்சிகள் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். தாலி, குக்கர், தாடி, இருமல், எதையும் விடவில்லை. "தாலியை விற்ற அம்மா கழுத்தில் அடுத்த நொடியே தாலி. இதுகூடத் தெரியாத இயக்குநர்" என்று முடித்தார். அக்கா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். "நான் கேலி பண்ணுன எல்லாத்தையும் கண்டுபுடிச்சிட்டான் புள்ள. கேலிங்கறத மட்டும் விட்டுட்டான்." ஒரு சிறுபத்திரிகையில் எதிர்மாறாக எழுதினார்கள்: மலை மறந்துபோன ஒரு கலைஞனுக்கு நேர்மையான அஞ்சலி என்று. அதைப் படித்த அன்றுதான் அக்கா அழுது நான் முதன்முதலாகப் பார்த்தேன். திட்டு வந்தபோது அழாதவர் பாராட்டுக்கு அழுதார். இன்னொருவர், இது சங்கீதக்காரர்களை அவமதிக்கிறது என்று கோபமாக எழுதியிருந்தார். அந்த ஒருவரைப் பார்த்து ஒரு டீ வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டார். புரிந்துகொண்ட ஒரே ஆள் அவர்தானே.

இதற்கிடையில் வயிற்று வலி என்று குன்னூரில் காட்டி, பிறகு கோவைக்குப் போகச் சொல்லி, வந்த வியாதிக்குப் பேர் வைத்துவிட்டார்கள். மருந்து ஏற்றிக்கொண்டு மலையேறும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து வருவார். ஒவ்வொரு வளைவிலும் வாந்தி. வாயைத் துடைத்துக்கொண்டு, "பஸ் ஹாரன் கேட்டுச்சே, டியூன் ஏதாச்சும் வந்துச்சா?" என்று என்னையே கேட்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. சாமி கும்பிடுகிறவள் நான். அந்த நேரத்தில் என்ன செய்யத் தெரியுமோ அதைத்தான் செய்தேன். கிருத்திகை தவறாமல் விளக்குப் போட்டேன். உடம்பு தேற வேண்டும் என்று வேண்டிக்கொண்டதோடு, அந்தப் படத்துக்கு ஒருத்தராவது சிரிக்க வேண்டும், முருகா, என்றும் வேண்டிக்கொண்டேன். அக்காவிடம் சொன்னபோது, "உன் முருகனுக்குச் சிரிக்கத் தெரியுமா?" என்றார். "மயில் மேல ஏறி உலகத்தச் சுத்திட்டு வந்து, அண்ணங்கிட்டப் பழத்தத் தோத்தவருங்க. தெரியாம இருக்குமுங்களா?" என்றேன். அன்றைக்கு அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். நான் என்ன சொன்னேன் என்று சிரித்தார் என எனக்கு விளங்கவே இல்லை.

பெர்ன்ஹில்லில் ஒரு மண்டபத்தில் காட்டுவதற்கு அழைத்தார்கள். அக்காவுக்குத் தலைமுடி கொட்டிவிட்டிருந்தது. குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு வந்தார். போஜண்ணனும் நானும் முன்னாலேயே போய் போட்டோ எதுவும் வைக்காமல் பார்த்துக்கொண்டோம். அக்கா மைக்கைப் பிடித்தார். "ஏனுங்க, இது சிரிக்கிற படமுங்க. ஏகாம்பரம்னு யாரும் இல்லீங்க. உங்களக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன், தயவுசெஞ்சு சிரிங்க" என்றார். நிஜமாகவே கையெடுத்துக் கும்பிட்டார். மண்டபம் அப்படியே அமுங்கிவிட்டது. எனக்கு முன்வரிசையில் இருந்த அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "எவ்வளவு துக்கத்த மறைக்கறாங்க பாருங்க" என்றார். அவ்வளவுதான். மூன்றாவது முறை சாக ஏகாம்பரம் எழுந்தபோது ஒரு குழந்தை மட்டும் களுக்கென்று சிரித்தது. அக்கா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். குழந்தையின் அம்மா அதன் தொடையில் கிள்ளினாள். அது வீல் என்று அழ ஆரம்பித்தது. வீடு வந்ததும் அக்கா சொன்னார்: "இருந்த ஒரு ஆடியன்சையும் கிள்ளிட்டாங்க."

அதற்கப்புறம் அவர் படத்தைப் பற்றிப் பேசவில்லை. கடைசி நாட்களில் ஒரு முறை மட்டும், கண்ணை மூடிக்கொண்டே, "என் போட்டோவுக்கு மால போட்டு, பக்கத்துல விளக்கும் வெச்சு, நான் எதத் தொட்டா என்ன வரும்னு சொல்லப் போறாங்களோ" என்றார். "அப்படி எதுவும் நடக்காம நான் பாத்துக்கறேனுங்க அக்கா" என்றேன். சொன்னதைச் செய்ய முடியவில்லை.

பதினாறாம் நாள் மன்றத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். படத்தையும் காட்டுவதாக ஏற்பாடு. நான் காலையிலேயே போனேன். மேசையில் அக்காவின் போட்டோ, ரோஜா மாலையோடு. பக்கத்தில் துணைக்கு ஏகாம்பரம். மாலையை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். "என்னங்க பேசறீங்க, மால இல்லாம எப்படீங்க?" என்றார்கள். நானே கழற்றப் போனேன். கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தலைவர் மைக்கில் பேசினார்: "லீலா அவர்கள் பேனாவைத் தொட்டால் இந்த மலையே அழும்."

ஸ்டோர்ஸில் நட்டு போல்ட்டுக்கு ரசீது எழுதிய பேனா அது.

விளக்கை அணைத்துப் படம் போட்டார்கள். நர்ஸ் கும்பிட்டாள். அமைதி. குக்கர் விசில். அமைதி. நான் சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு, யாராவது, யாராவது, முருகா, யாராவது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். திரையில் நான் தாலியைக் கழற்றினேன். மூக்குச் சிந்தும் சத்தம் தொடங்கிவிட்டது. அதற்கு மேல் பொறுக்க முடியாமல் நான் சிரித்தேன். வராத சிரிப்பு. தொண்டையிலிருந்து பிடுங்கி எடுத்து வெளியே போட்டேன். எனக்கே பயமாக இருந்தது அந்தச் சத்தம். எல்லோரும் திரும்பினார்கள். நிறுத்தவில்லை, இன்னும் சத்தமாகச் சிரித்தேன். இரண்டு பெண்கள் ஓடிவந்து என்னை அணைத்துக்கொண்டார்கள். "பாவம், உசுரா இருந்தாங்க ரெண்டு பேரும். அழுதுருங்கம்மா, அழுதுருங்க" என்று முதுகைத் தடவிக்கொண்டே வெளியே கூட்டிப் போனார்கள். என் சிரிப்பையும் சேர்த்துத்தான் அன்று மன்றம் அழுதது.

வெளிப்படியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். மஞ்சு மூட்டம் இறங்கிக் கீழே ரோடே தெரியவில்லை. தோற்றுவிட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன். போஜண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே அவருடைய முதல் சாவு நடந்துகொண்டிருந்தது. மன்றம் விம்முகிற சத்தம் கதவைத் தாண்டி வந்தது. அவர் மஞ்சைப் பார்த்தபடியே மெதுவாக இருமினார். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. "இன்னும் ரெண்டு தடவ பாக்கி இருக்குதுங்கம்மா, சீக்கிரம் முடிச்சுட்டு வந்துர்றேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் வரவழைக்கவில்லை. வயிற்றிலிருந்து வந்தது. டம்ளர் தண்ணீர் சேலையெல்லாம் சிந்தியது. அவரும் சிரித்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட, கண்ணில் நீர் வழியச் சிரித்தோம். தண்ணீர் கொண்டுவந்த பெண், "ரெண்டு பேருக்கும் புத்தி பேதலிச்சுருச்சுங்க" என்று அழுதுகொண்டே உள்ளே ஓடினாள். அதற்கு இன்னும் சிரித்தோம். ஒருத்தராவது சிரிக்க வேண்டும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டிருந்தேன். அந்த ஒருத்தி நானாக இருப்பேன் என்றோ, கேட்க அக்கா இருக்க மாட்டார் என்றோ நினைக்கவில்லை. இதில் எதற்காக முருகனிடம் நன்றி சொல்வது, எதற்காகச் சண்டை போடுவது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. இரண்டையும் செய்துகொண்டிருக்கிறேன்.

லீலா அக்கா எதைத் தொட்டாலும் எதுவும் வரவில்லை. ரசம் வைத்தால் உப்புக் கரிக்கும். கடன் வாங்கிய குடையைத் திருப்பித் தர மாட்டார். கோயிலுக்கு வந்தால் பொங்கல் தீரும் வரை இருப்பார், பூஜைக்கு இருக்க மாட்டார். பொறாமை உண்டு. கோள் சொல்வார், அழகாகச் சொல்வார். இந்த லீலாவை உங்களில் யாராவது ஞாபகம் வைத்திருந்தால் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். எனக்குச் சந்தேகம் வருவதற்கு முன்னால் செய்யுங்கள்.

என்னிடம் இருப்பது அந்த வெள்ளைப் புடவை. துவைத்துத் துவைத்துப் பார்த்தும் ரோஸ் கறை முழுதாகப் போகவில்லை. போன வாரம் வெயில் அடித்த ஒரு காலையில் கொடியில் உலர்த்தினேன். எதிர்வீட்டு அம்மா வந்து நின்று, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஏகாம்பரம் அய்யா ரத்தமுங்களா?" என்று கேட்டார்.

"பீட்ரூட்டுங்க" என்றேன்.

அவர் என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.